மூன்றாவது ஃபியூஸ் கட்டை

அத்தியாயம் 12

காலை ஆறு மணிக்குப் புனிதா தன் சாப்பாட்டுப் பையின் அடியில் இரண்டு ஃபியூஸ் கட்டைகளை வைத்தாள். மேலே பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, அதன் மேல் டப்பாவை வைத்தாள். பிறகு டப்பாவை எடுத்துவிட்டுத் துண்டை இன்னொரு முறை மடித்தாள். பீங்கானும் பீங்கானும் இடித்துச் சத்தம் வந்துவிடக் கூடாது.

நான்கு வருடமாகக் கேப்பை மாவு டின்னுக்குப் பின்னால் இருந்தவை அவை. வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"யம்மா, ஏழு மணிக்கு நான் பம்ப் ஹவுஸ்ல இருக்கணும்" என்றபடி அரிபிரசாத் உள்ளே வந்தான். அவள் பையின் வாயைச் சட்டென்று மூடினாள்.

"ஆரோக்கியராஜ் வந்துடுவாரா?"

"அவரை மரக்காணம் லைனுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரியே மெசேஜ் வந்துச்சி."

"அப்ப இன்னிக்கு நாலாம் நம்பர் கெணத்துல உன்கூட யாரு?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "கேமரா" என்றான்.

புனிதா அடுப்பை அணைத்தாள். நாலாம் நம்பர் கிணறு. அவனுடைய அப்பா செல்வகுமார் இறங்கி, ஏறி வராத கிணறு.

"மூணு கட்டையையும் பிடுங்கிக்கினு எறங்குடா."

"ரெண்டுதானம்மா எறங்குறவன்கிட்ட இருக்கணும்? மூணாவது மேல நிக்கிற ஆளுகிட்ட."

"மேலதான் ஆளு இல்லன்றியே. மூணையும் பையில போட்டுக்கோ. எறங்குறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால். ஏறினதும் ஒண்ணு."

"குடுக்கறேன்மா. தெனமும் குடுக்கறதுதான்." அவன் சிரித்தான். "இன்னிக்கு அக்ரிமென்ட் முடிஞ்சா பர்மனென்ட். ஊதுபத்தி கொளுத்தி வையி. மூஞ்ச இப்பிடி வச்சிக்கினு போவாத."

பர்மனென்ட். முந்தாநாள் மாலை, அவள் வேலை பார்க்கும் விழுப்புரம் அலுவலகத்தின் மாடிப்படியில் ஃபைல் கட்டோடு நின்றபோது அவள் காதில் விழுந்ததும் அந்த வார்த்தைதான். சொன்னவன் ஜெகதீசன், அவளுடைய சொந்தக் கொழுந்தன், சங்கத்தின் செயலாளர். "ஒன்பதாவத விட்டுடறோம் சார். முப்பத்தோரு பேரையும் பர்மனென்ட் பண்ணிடுங்க" என்று செயற்பொறியாளரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த முப்பத்தோரு பேரில் அரிபிரசாத்தும் ஒருவன். ஒன்பதாவது கோரிக்கை என்னவென்று அவளுக்கு மனப்பாடம். கிணறு, தொட்டி, உயரமான கோபுரம் எதிலும் குறைந்தது இரண்டு பேர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

பிள்ளைக்கு நிரந்தர வேலை கிடைக்கும். ஆனால் தினமும் அவன் தனியாகக் கிணற்றில் இறங்குவான். இரண்டு ராத்திரியாக அவள் தூங்கவில்லை.

திண்டிவனத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலோர இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி முண்டியம்பாக்கம் வந்ததும் வழக்கம்போல ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. அவரை அங்கிருந்துதான் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

செல்வகுமார் தொண்டியாறு குடிநீர்ப் பராமரிப்புக் கழகத்தில் ஃபிட்டர். மோட்டார் மேலே இருக்கும், பம்பு கிணற்றுக்குள் இருக்கும். இரண்டையும் சேர்க்கும் தண்டில் பழுது என்றால் ஆள் கீழே இறங்க வேண்டும். இறங்கியிருக்கும்போது யாராவது மோட்டாரைப் போட்டுவிட்டால் தண்டு சுழன்று ஆளை இழுத்துவிடும்.

அதற்காகப் பழைய ஃபிட்டர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்த ரூல் புத்தகத்திலும் அது கிடையாது. இறங்குவதற்கு முன் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு இறங்குபவனுடைய பைக்குள் போகும். மூன்றாவது மேலே நிற்பவனுடைய சட்டைப் பையில் இருக்கும். கீழே இருப்பவன் ஏறி வந்த பிறகு, இருவரும் சேர்ந்து மூன்றையும் மாட்டுவார்கள். கட்டைகள் மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொரு ஃபிட்டரும் தன் பம்பின் கட்டைகளில் தன் நிற டேப்பைச் சுற்றி வைத்திருப்பான். செல்வகுமாரின் நிறம் பச்சை.

விபத்து நடந்த மூன்றாம் நாள் அவருடைய சாப்பாட்டுப் பை வீட்டுக்கு வந்தது. ஐந்தாம் நாள்தான் அதைத் திறக்க அவளுக்குத் தைரியம் வந்தது. புளித்துப்போன தயிர்சாதத்துக்கு அடியில் பச்சை டேப் சுற்றிய இரண்டு கட்டைகள் இருந்தன.

மனிதர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். விசாரணை அறிக்கையோ, ஃபியூஸைப் பிடுங்காமல் கவனக்குறைவாக, தனியாக இறங்கினார் என்று எழுதிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு தட்டச்சுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். என் கணவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். அதற்குக் கீழே வாரிசு வேலை விண்ணப்பம். பேனா மூடியைத் திறந்து கொடுத்தவன் ஜெகதீசன். "போட்டுடுங்க அண்ணி. புள்ளைய படிக்க வைக்கணும்" என்றான். அவள் போட்டாள்.

அந்தக் கையெழுத்தினால் கிடைத்த வேலைதான், கழகத்தின் விழுப்புரம் அலுவலகத்தில் ஆவண அறை. இன்று அவள் வாயைத் திறந்தால் அந்தக் கையெழுத்து பொய் என்று ஆகும். பொய் சொல்லி வாங்கிய வேலை இருக்குமா? பிள்ளையின் வேலைதான் இருக்குமா?

மூன்றாவது கட்டை யாரிடம் போனது என்பது மட்டும் நான்கு வருடமாக அவளுக்குத் தெரியவில்லை.

*

ஆவணங்களெல்லாம் இங்கேயே இருந்ததால், கடைசிச் சுற்றுப் பேச்சுவார்த்தைக்குச் சமரச அதிகாரி அம்சவள்ளி கழகத்தின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மாடியில் கூட்ட அறை. ஒரு பக்கம் செயற்பொறியாளர் வேங்கடேசனும் கணக்கு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஜெகதீசனும் வெல்டர் மாசிலாமணியும். கேட்கும் ஃபைலை எடுத்துக் கொடுக்க, சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் புனிதா.

"பதிமூணு கோரிக்கை முடிஞ்சிது" என்று அம்சவள்ளி பேனாவால் தட்டினார். "சோப்புக்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கிட்டீங்க."

"மேடம், கிரீஸ் கையோட வீட்டுக்குப் போனா பொண்டாட்டி சோறு போட மாட்டேன்றா" என்றார் மாசிலாமணி. "அது சின்னக் கோரிக்கையா?"

அம்சவள்ளி சிரித்துவிட்டார். வேங்கடேசனும் சிரித்தார். ஜெகதீசன் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்று இருபதுக்குப் புனிதாவின் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. அரி. இறங்குகிறான். முடிந்த பதிமூன்றையும் ஒருமுறை வாசித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது.

"ஒன்பதாவது மட்டும் நிக்குது" என்றார் அம்சவள்ளி. "சங்கம் குறைந்தது இருவர்னு எழுதியிருக்கு. நிர்வாகம் தேவைக்கேற்ப ஒருவர் அல்லது இருவர்னு எழுதியிருக்கு. தேவைய யார் முடிவு பண்றது?"

"ஃபீல்டுல இருக்கிற இன்ஜினியர் மேடம்" என்றார் வேங்கடேசன். "இப்ப எல்லாக் கிணத்துலயும் கேமரா போட்டாச்சு. இங்கிருந்தே பாக்கலாம்."

"கேமரா கயிறு பிடிச்சித் தூக்குமா சார்?" மாசிலாமணி கேட்டார். "இல்ல, ஏறி வாடான்னு சத்தம்தான் போடுமா?"

"மாசி, சும்மா இரு" என்றான் ஜெகதீசன்.

மாசிலாமணி அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, நீ பேச வேண்டியத நான் பேசிக்கினு இருக்கேன். நீ என்னைய அடக்குற."

"முப்பத்தோரு குடும்பம் இருக்குது. அதையும் பாக்கணும்."

"பாரு. ஆனா எந்தப் பக்கத்துல குந்திக்கினு இருக்கோம்னும் பாரு."

வேங்கடேசன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், பத்து வருஷத்துல ஒரே ஒரு மரணம். அதுவும் ஆள் பத்தாம நடந்தது இல்ல. அந்த ஆள் ஃபியூஸைப் பிடுங்காம இறங்கிட்டார். குடும்பத்தாரே எழுதிக் குடுத்திருக்காங்க. வேணும்னா அந்தப் பழைய ஃபைலை எடுக்கலாம்." சொல்லும்போது அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, ஜெகதீசனைப் பார்த்தார். "எடுக்கலாமா ஜெகதீசன்?"

ஜெகதீசன் வெளுத்த முகத்தோடு தன் முன்னாலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

இவனுக்கு ஏன் முகம் இப்படிப் போகிறது என்று புனிதா நினைத்தாள். பயப்பட வேண்டியவள் நானல்லவா?

"எடுங்க" என்றார் அம்சவள்ளி.

ஃபைல் அவள் மடியிலேயே இருந்தது. எழுந்து கொண்டுபோய் வைத்தாள். அம்சவள்ளி பக்கங்களைப் புரட்டி, ஒரு தாளில் நின்று, நிமிர்ந்தார்.

"புனிதா, கணவர் பெயர் செல்வகுமார். நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"இது நீங்க எழுதினதா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்தத் தண்டின் நட்டுகளை இறுக்க அரை மணிக்கு மேல் ஆகாது என்று அரி சொல்லியிருக்கிறான். போன் அசையவில்லை.

"கையெழுத்து என்னுது மேடம்" என்றாள். "எழுத்து என்னுது இல்ல."

வேங்கடேசன் புன்னகை மாறாமல், "அம்மா உணர்ச்சிவசப்படறாங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார்.

புனிதா நாற்காலியடியிலிருந்த பையை எடுத்துத் திறந்தாள். டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். துண்டைப் பிரித்தாள். எடுக்கும்போது கட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. காலையிலிருந்து அவள் பயந்த சத்தம் அந்த அறையில் நன்றாகவே கேட்டது. இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"அவரு பிடுங்கிட்டுதான் எறங்கினாரு மேடம். அன்னிக்கு அவரு சோத்துப் பையில இது இருந்துச்சி. நான் மறச்சிட்டேன். வேல போயிடும்னு பயந்துக்கினு மறச்சிட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்குது." அவள் கடிகாரத்தைக் காட்டினாள். "இப்ப என் புள்ள அதே கெணத்துல தனியா எறங்கியிருக்கான். ஏறினதும் போன் பண்ணுவான். இன்னும் பண்ணல."

மாசிலாமணி ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "பச்ச டேப்பு. செல்வாதுதான்" என்றார். உடனே போனை எடுத்துத் திண்டிவனம் பம்ப் ஹவுஸுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மேடம், இந்த மாதிரிக் கட்டை எந்தப் பழைய இரும்புக் கடையிலயும் கிடைக்கும்" என்றார் வேங்கடேசன். மேஜைக்கடியில் அவருடைய கட்டைவிரல் போனில் எதையோ வேகமாக அழுத்திக்கொண்டிருந்தது. "ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க?"

"எங்கிட்ட இருக்குது."

சொன்னவன் ஜெகதீசன்.

அவன் எழுந்தான். தோளில் எப்போதும் தொங்கும் அந்தச் சங்கத்துப் பையை, சந்தாப் புத்தகமும் நோட்டீசும் வைத்திருக்கும் அதே பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்து, அந்த இரண்டோடு மூன்றாவதை வைத்தான். அதே பச்சை டேப், ஒரு முனை பிரிந்திருந்தது.

புனிதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அறிக்கையில அன்னிக்குக் காலையிலேர்ந்து நான் மயிலத்துல டூட்டின்னு இருக்கும் மேடம். பொய். மேல நின்னவன் நான்தான்." அவன் அதிகாரியிடம் சொன்னாலும் கண் அண்ணியிடம் இருந்தது. "மயிலத்துல வால்வு உடஞ்சிடுச்சி, உடனே போன்னு ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சி. அண்ணன் கீழ இருக்குதுன்னேன். கட்டை உன்கிட்ட இருக்குது இல்ல, எவன் போட முடியும், போய்ட்டு வான்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சி. பாக்கெட்ட தொட்டுப் பாத்துக்கினே வண்டிய எடுத்தேன். மயிலம் போயி எறங்கறேன், போன் வருது."

"நாலு வருசமா..." புனிதா தொடங்கினாள்.

"எடத்த விட்டுப் போயிட்டேன் அண்ணி. அத எந்த வாயால சொல்றது? சங்கத்துக்கு வந்து ஒவ்வொரு அக்ரிமென்ட்லயும் இந்த ஒன்பதாவதத்தான் எழுதினேன். அந்த ஃபைலத் தொறப்பேன்னு அவங்க சொன்னதும், அதையே விக்கப் பாத்தேன்."

மாசிலாமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் கையிலிருந்த போனில் மணி போய் முடிந்து, மறுபடி தொடங்கியது.

அப்போது புனிதாவின் போன் அதிர்ந்தது. ஒருமுறை. நின்றுவிட்டது.

அவள் அதை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். அரி. மறுபடி பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏறிட்டான்" என்று மாசிலாமணி எல்லோருக்கும் சொன்னார். கணக்கு அதிகாரிகூட மூச்சை விட்டார்.

அம்சவள்ளி மூன்று கட்டைகளையும் வரிசையாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார். "ரெண்டு அவர் பையில. ஒண்ணு மயிலத்துல இவர் பாக்கெட்ல. அப்படின்னா அன்னிக்கு அந்த மோட்டார் எதுல ஓடிச்சு?"

வேங்கடேசன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"வேற செட்டு போட்டாத்தான் ஓடும்" என்றான் ஜெகதீசன் மெதுவாக. "ஸ்டோர்ல புதுசு இருக்கும். கையெழுத்து போட்டுத்தான் வாங்க முடியும்."

"அப்ப திண்டிவனத்துல பொறுப்பு யாரு?"

"உதவிப் பொறியாளரா நான்தான் இருந்தேன்" என்றார் வேங்கடேசன். குரல் மாறவில்லை. "நாலு வருஷத்துக்கு முந்தின ஸ்டோர் ரிஜிஸ்டர் எல்லாம் எங்க இருக்கோ மேடம்."

"கீழ இருக்குதுங்க" என்றாள் புனிதா. "ஆவண அறையில, மூணாவது ரேக்கு. நான்தான் அடுக்கினேன்."

தினமும் அதன் முதுகைத் துடைத்திருக்கிறாள். ஒருநாளும் பிரித்ததில்லை.

"இப்பவே கொண்டு வாங்க" என்றார் அம்சவள்ளி. "அது வர்ற வரைக்கும் ஒன்பதாவதுல யாரும் கையெழுத்துப் போட வேணாம்."

வேங்கடேசன் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க புனிதா. பியூனை அனுப்பறேன். நீங்க உக்காருங்க, அலைய வேணாம்."

"நானே போறேன் சார்." சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்து, கட்டைகள் இருந்த பையின் அடியில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

*

ஆவண அறை தரைத்தளத்துக்கும் கீழே, பன்னிரண்டு படி இறங்கிய பிறகு இருந்தது. பகலிலும் அங்கே விளக்கு வேண்டும்.

மேல்படியில் ஜெகதீசன் வந்து நின்றான். பின்னாலேயே வந்திருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு இன்னும் மனசு வரல."

"தெரியும் அண்ணி."

"ஆனா நான் கீழ எறங்கறேன். நீங்க இங்க நில்லுங்க. யாரு கூப்பிட்டாலும், போன் வந்தாலும், நான் ஏறி வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

அவன் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நகர மாட்டேன்."

அவள் ஒவ்வொரு படியாக எண்ணி இறங்கினாள். ஏழாவது படியில் பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். இந்த அறைக்கு இது ஒன்றுதான் சாவி என்று வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடமாக ராத்திரி வீட்டுக்குக்கூடக் கொண்டுபோனாள்.

பன்னிரண்டாவது படியில் நின்றாள்.

கொண்டியில் பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உடைக்கப்படவில்லை. சாவி போட்டுத் திறந்த பூட்டு. கதவிடுக்கில், காலையில் அவள் அணைத்துவிட்டு வந்த விளக்கின் வெளிச்சம் தெரிந்தது.

உள்ளே யாரோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கிழிக்கும் சத்தம்.

சாவி அவள் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது. மயிலம் போன வழியெல்லாம் ஜெகதீசனும் இப்படித்தான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போயிருப்பான்.

"அண்ணி?" மேலேயிருந்து குரல் வந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

புனிதா இடது கையால் கதவைத் தள்ளினாள்.